வண்டி ஒயரிங், பேட்டரி, ஸ்டீரியோ: வீட்டிலேயே பழுது பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேட்டரி, பல்பு, ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஸ்டீரியோ, ஸ்பீக்கர் இவற்றைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலையே இல்லை. எதைக் கழற்ற வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நல்ல பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டி, அப்புறமும் அதே பழுது இருப்பதைப் பார்த்து நொந்துபோகிறவர்கள் நிறைய. பழுது பெரும்பாலும் பாகத்துக்குள் இருப்பதில்லை. பாகத்துக்கு மின்சாரம் போகும் வழியிலோ திரும்பி வரும் வழியிலோ, களிம்பேறிய ஒரு டெர்மினலிலோ மைனஸை வண்டியின் உடம்போடு இணைக்கும், தளர்ந்துபோன ஒரு எர்த் போல்ட்டிலோ இருக்கிறது. அதனால் கீழே உள்ள பதில்களில் எல்லாம் முதலில் அளப்பது, அப்புறம்தான் வாங்குவது.

இங்கே சொல்வது 12 வோல்ட் பேட்டரியும் மைனஸ் எர்த்தும் உள்ள சாதாரண பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் உயிரைப் பறிக்கும் அளவு வோல்டேஜ் உள்ளவை. அவற்றை வீட்டில் தொடவே கூடாது.

என்னென்ன கருவிகள் கையில் இருக்க வேண்டும்?

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், கம்பி பிரஷ், டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை நெம்ப ஒரு பிளாஸ்டிக் நெம்புகோல், ஒயர் முனைகளை அழுத்தி இணைக்க (கிரிம்ப் செய்ய) ஒரு பிளையர், சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், சில ஃபியூஸ்கள். இது போதும்.

மல்டிமீட்டர் இருக்கும்போது டெஸ்ட் லேம்ப் எதற்கு என்று கேட்பார்கள். மல்டிமீட்டர் வோல்டேஜை அளக்கும்போது மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். ஒரு ஒயரின் இணைப்பு களிம்பேறி அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். அதை நம்பி "கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது" என்று முடிவு செய்தால் ஏமாறுவோம். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றுக்கு இரண்டு ஒயர் வைத்துக்கொண்டால் அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். களிம்பேறிய அந்த இணைப்பால் அவ்வளவைக் கொடுக்க முடியாது. பல்பு மங்கலாக எரிந்தே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இந்தப் பல்பை மோட்டார், விளக்கு, ஹாரன் போன்றவற்றின் ஒயர்களில் மட்டும் பயன்படுத்துங்கள். எஞ்சின் கம்ப்யூட்டர், சென்சார், ஏர்பேக் ஒயர்களில் அதை வைத்தால் உள்ளே இருப்பது எரிந்துபோகலாம்.

பேட்டரியில் ஏன் மைனஸை முதலில் கழற்றச் சொல்கிறார்கள்?

வண்டியின் உடம்பு முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. பிளஸை முதலில் தளர்த்தும்போது ஸ்பேனரின் மறுமுனை பானெட்டிலோ சேஸிலோ பட்டால் நேரடி ஷார்ட். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனர் சிவக்கும். மைனஸை முதலில் கழற்றிவிட்டால் அதன்பின் பிளஸில் வைத்த ஸ்பேனர் வண்டியின் உடம்பில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது இதற்கு நேர்மாறாக, பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும், உள்ளே இருப்பது கந்தக அமிலம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றி "ஆல்டர்நேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் பாகம்) வேலை செய்கிறதா" என்று பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பேட்டரி விலகிய அந்த நொடியில் ஆல்டர்நேட்டரின் வோல்டேஜ் எகிறிப் போய், கம்ப்யூட்டரையும் ஸ்டீரியோவையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரியை மாற்றிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். முதலில், வண்டி சில மணி நேரம் நின்றபின் பேட்டரி முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. 12-க்குக் கீழே இருந்தால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றுங்கள். காலியான பேட்டரி வேறு, கெட்ட பேட்டரி வேறு.

அடுத்து மீட்டரைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, கையை எஞ்சின் பெல்ட்டிலிருந்து விலக்கி வைத்து. மூன்று விதமாக நடக்கலாம்.

முழு சார்ஜ் உள்ள பேட்டரி, செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம் என்று பொருள். மிதமான வெயிலில் இந்த அளவு பொருந்தும். கடும் குளிரில் இன்னும் கொஞ்சம் இறங்குவது இயல்புதான். செல்ஃப் மோட்டாரே உள்ளே சிக்கிக்கொண்டு அளவுக்கு மீறி இழுத்தாலும் இப்படி ஆகும் என்பதை மறக்க வேண்டாம்.

சாவி திருப்பியும் வோல்டேஜ் 12-க்கு மேலேயே நின்று, ஒரு "டக்" சத்தம் மட்டும் வந்தால் அல்லது சத்தமே இல்லை என்றால், மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. சாலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறக்கும் காந்த சுவிட்ச்), ரிலே, கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், கேபிள் முனை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இங்கே புது பேட்டரி போட்டு ஒரு பயனும் இல்லை. "டக் டக் டக்" என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் சார்ஜ் குறைவு அல்லது டெர்மினல் பிடிப்பு இல்லை.

மூன்றாவது, பேட்டரியில் வோல்டேஜ் நன்றாக நிற்கிறது, ஆனால் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது. இதுதான் பலரை ஏமாற்றும் பழுது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழில் வையுங்கள். கிளாம்பில் அல்ல, குமிழிலேயே. மறுமுனையை எஞ்சினின் வெற்று உலோகத்தில் வையுங்கள். செல்ஃப் சுற்றும்போது 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் வோல்டேஜ் வீணாகிறது. அதேபோல் பிளஸ் குமிழிலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரை அளந்தால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க ஃபியூவல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யலாம்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸோ வாசலினோ தடவுங்கள். சோடா நீர் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையால் உயிர் திரும்பிய "கெட்ட" பேட்டரிகள் ஏராளம்.

பேட்டரி புதிது. ஆனாலும் சார்ஜ் நிற்கவில்லை.

எஞ்சினை ஓட்டிப் பேட்டரியில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்கிறது. ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்டும் 13-க்கு மேல் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதித்துக் கெட்டுப்போகும், பல்புகள் அடுத்தடுத்துப் போகும். 12.5 அளவிலேயே கிடந்தால் முதலில் பெல்ட் வழுக்குகிறதா, ஆல்டர்நேட்டரின் பின்னால் உள்ள கனெக்டர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரே சார்ஜை ஏற்றி இறக்கும் புதிய வண்டிகளில் சில நேரம் 12.8 காட்டிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 15 வரை போவது பழுது அல்ல. ஒரே ஒரு அளவை வைத்து அங்கே முடிவு கட்டக் கூடாது.

இரண்டு மூன்று நாள் வண்டி நின்றாலே பேட்டரி காலியாகிறது. எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறுத்திய வண்டியிலும் கடிகாரம், அலாரம், ஸ்டீரியோவின் நினைவகம் இவற்றுக்காகக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி மட்டுமே போகும். அதுவே அரை ஆம்பியர் கசிந்தால் நாளுக்கு 12 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டரை நாளில் பாதியாகிவிடும்.

அளக்கும் முன் வண்டி தூங்க வேண்டும். சாவியை எடுத்து, கதவுகளைப் பூட்டிய நிலையில் வைத்து, அரை மணி நேரமாவது விடுங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத்தான் அணையும். ரிமோட் சாவி வண்டிப் பக்கமே இருக்கக் கூடாது. கதவைத் திறந்து வைத்து வேலை செய்ய வேண்டும் என்றால், கதவின் பூட்டு நாக்கை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். கதவு மூடியிருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொள்ளும்.

மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு, மைனஸ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே வைத்து அளப்பது வழக்கமான முறை. அப்போது சாவியைத் திருப்பினாலோ செல்ஃப் அடித்தாலோ மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

கசிவு இருக்கிறது என்று தெரிந்ததும் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பிக்காதீர்கள். ஒரு ஃபியூஸைப் பிடுங்கிப் போடும்போதே தூங்கிய கம்ப்யூட்டர் ஒன்று விழித்து அளவைக் கெடுத்துவிடும். அதைவிட நல்ல வழி இருக்கிறது. பிளேடு ஃபியூஸின் முதுகில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொடுங்கள். பூஜ்யம் என்றால் அந்த ஃபியூஸ் வழியே எதுவும் ஓடவில்லை. சில மில்லி வோல்ட் காட்டினால் அதன் வழியே மின்சாரம் போகிறது. எதையும் கழற்றாமலே குற்றவாளி எந்தப் பாதையில் என்று தெரிந்துவிடும்.

குற்றவாளியாக அடிக்கடி சிக்குகிறவை: அணையாத டிக்கி விளக்கும் டேஷ்போர்டுப் பெட்டி விளக்கும், ஒட்டிக்கொண்ட ரிலே, டேஷ்கேம், பின்னால் சேர்த்த டிராக்கர், தவறாக இணைத்த ஸ்டீரியோ, அணையாமல் கிடக்கும் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்). எந்த ஃபியூஸிலும் சிக்காத கசிவு என்றால் ஆல்டர்நேட்டரின் டயோடைச் சந்தேகியுங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஆல்டர்நேட்டரின் பெரிய பிளஸ் கேபிளை விலக்கி, முனையைத் துணியோ டேப்போ சுற்றித் தனியே வைத்து, மறுபடி அளந்தால் கசிவு நின்றுவிட்டதா என்று தெரியும்.

ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது. கொஞ்சம் பெரியதாகப் போட்டால் என்ன?

போடவே கூடாது. ஃபியூஸ் காப்பது கருவியை அல்ல, ஒயரை. 10 ஆம்பியர் தாங்கும் ஒயருக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், ஷார்ட் ஆகும் அன்று எரிவது ஒயர்தான். அது டேஷ்போர்டுக்குள் மற்ற ஒயர்களோடு கட்டாக ஓடுகிறது. பிளேடு ஃபியூஸின் நிறங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை.

ஷார்ட் எங்கே என்று கண்டுபிடிக்க, முன்பு சொன்ன 21 வாட் பல்பை ஃபியூஸ் இருந்த இடத்தில், அதன் இரு முனைகளிலும் இணையுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆனால் இரண்டு ஆம்பியருக்கு மேல் எதுவும் பாயாது; ஒயர் பத்திரம். இப்போது பொறுமையாக அந்த ஒயர்க்கட்டை அசைத்துக்கொண்டே போங்கள், கருவிகளின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பல்பு அணைந்த இடமோ மினுக்கிய இடமோதான் நீங்கள் தேடியது. கதவுக் கீலில் உள்ள ரப்பர் குழாய், டிக்கிக் கதவின் மடிப்பு, சீட் நகரும் தண்டவாளம், இந்த மூன்றில் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். அசைந்துகொண்டே இருக்கும் இடத்தில்தான் ஒயர் தேயும்.

ரிலே நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

அதே எண் உள்ள இன்னொரு ரிலே பெட்டியில் இருக்கும். இடம் மாற்றிப் பாருங்கள். அதுவே பாதிச் சோதனை. இல்லையென்றால், 85, 86 என்று போட்ட கால்கள் காயிலுக்கு; அவற்றின் நடுவே 50 முதல் 120 ஓம் வரை காட்டும். 30 மின்சாரம் வரும் கால், 87 வெளியே போகும் கால். காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 30-க்கும் 87-க்கும் இடையே தொடர்பு வர வேண்டும். "டிக்" என்று சத்தம் வந்ததாலேயே ரிலே நல்லது என்று சொல்ல முடியாது. உள்ளே தொடும் முனைகள் கருகியிருந்தாலும் சத்தம் வரும். அங்கேயும் டெஸ்ட் லேம்ப்தான் உண்மையைச் சொல்லும்.

ஹெட்லைட் மங்கல். அதிக வாட் பல்பு போடலாமா?

எச்4 பல்பு 60/55 வாட். அதற்குப் பதில் 100 வாட் போட்டால் ஒயரில் ஏறக்குறைய எட்டு ஆம்பியர் ஓடும். ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும், ரிஃப்ளெக்டரின் பூச்சும் போகும். மங்கலுக்குக் காரணமும் அப்படியே இருக்கும்.

ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறைகிறது. வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினாலே வெளிச்சத்தில் முப்பது சதவீதம் போய்விடும். எனவே லைட் எரியும்போது, கனெக்டரைக் கழற்றாமல், பல்பின் பின்கால்களில் அளந்து பேட்டரி வோல்டேஜோடு ஒப்பிடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எர்த் முனை, ஹோல்டர், ரிலே என்று வரிசையாகப் பார்த்துச் சரிசெய்யுங்கள். பழைய பல்பிலேயே வெளிச்சம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மஞ்சளடித்த ஹெட்லைட் கண்ணாடியையும் பாலிஷ் போட்டுவிடுங்கள்.

புது ஹாலஜன் பல்பின் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். தெரியாமல் பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. என்ன கோளாறு?

பின் விளக்கின் எர்த். திரும்பிப் போக வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழை வழியே சுற்றிக்கொண்டு போகிறது. எர்த் ஒயரின் முனையைக் கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும்.

இண்டிகேட்டரில் எல்.இ.டி. பல்பு போட்டதும் வேகவேகமாகச் சிமிட்டுகிறது.

இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷர் 21 வாட் பல்பை எதிர்பார்க்கிறது. எல்.இ.டி. அதில் சிறு பங்குதான் இழுப்பதால், பல்பு போய்விட்டது என்று நினைத்து எச்சரிக்கிறது. தனி ஃபிளாஷர் உள்ள வண்டியில் எல்.இ.டி.க்கான ஃபிளாஷர் போடலாம். பக்கத்தில் ரெசிஸ்டர் வைப்பது இன்னொரு வழி. அது தொட முடியாத அளவு சுடும் என்பதால் பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் உலோகத்தில் திருக வேண்டும். என்னைக் கேட்டால் இண்டிகேட்டரைப் பழைய பல்பிலேயே விடுவது நல்லது. மிச்சமாகும் மின்சாரம் ஒன்றும் பெரிதில்லை, பல்பு போனால் தெரிவிக்கும் வசதியும் போகாமல் இருக்கும்.

பைக்கில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. காரைப் போலவே பார்க்கலாமா?

முதல் அடி ஒன்றுதான்: எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி ஓட்டிப் பேட்டரியில் அளந்தால் 13.5 முதல் 14.8 வரை வர வேண்டும். வராவிட்டால் மின்சாரம் தயாரிக்கும் காயிலா, அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிச் சீராக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய பைக்குகளில் காயிலிலிருந்து ஒரே நிறத்தில் மூன்று ஒயர்கள் வரும், பெரும்பாலும் மஞ்சள். அந்தக் கனெக்டரைக் கழற்றி, இரண்டிரண்டாக ஓம் பாருங்கள்: மூன்று ஜோடியும் ஒரே மாதிரி மிகக் குறைவாகக் காட்ட வேண்டும். எந்த ஒயரிலிருந்தும் எஞ்சின் உடம்புக்குத் தொடர்பே இருக்கக் கூடாது. எஞ்சினை ஓட்டி மீட்டரை ஏசி (மாறுமின்சார) வோல்ட்டில் வைத்தால், வேகம் ஏற ஏற மூன்று ஜோடியும் சமமாக ஏற வேண்டும். ஏறினால் காயில் நல்லது, ரெகுலேட்டரைப் பாருங்கள். ஆனால் ரெகுலேட்டர் வாங்கும் முன் அந்தக் கனெக்டரின் உள்ளே பாருங்கள். உருகிப் பழுப்பாகியிருந்தால் அதை மாற்றாமல் புது ரெகுலேட்டர் போட்டு நெடுநாள் நிற்காது.

புது ஸ்டீரியோ வாங்கியிருக்கிறேன். எந்த ஒயரை எதனோடு சேர்ப்பது?

வண்டிக்கேற்ற இணைப்பு ஒயர்க்கட்டு கிடைத்தால் அதை வாங்குங்கள். கம்பெனி ஒயரை வெட்டாமல் வேலை முடியும். பிற்காலத்தில் பழையதை மாட்ட நினைத்தாலும் மாட்டலாம். கடைகளில் கிடைக்கும் ஸ்டீரியோக்களின் ஒயர் நிறங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி. மஞ்சள் எப்போதும் இருக்கும் 12 வோல்ட். சிவப்பு சாவி திருப்பினால் வரும் 12 வோல்ட். கருப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு, வெள்ளைக் கோடு போட்ட நீலம் ஆம்பை எழுப்ப. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது ஸ்பீக்கர். இவற்றில் கருப்புக் கோடு போட்டது மைனஸ்.

இந்த நிறங்கள் ஸ்டீரியோவின் பக்கத்துக்குத்தான். வண்டியின் ஒயர்களுக்கு ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி நிறம் வைத்திருக்கிறது, அங்கே நிறத்தை நம்பாதீர்கள். சாவி இல்லாமல் 12 வோல்ட் எதில் வருகிறது, சாவி திருப்பினால் எதில் வருகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஐ.எஸ்.ஓ. கனெக்டர் (பல கம்பெனிகளுக்கும் பொதுவான ஸ்டீரியோ கனெக்டர்) உள்ள வண்டிகளில் 4-ஆம் கால் நிரந்தர மின்சாரம், 7-ஆம் கால் சாவி மின்சாரம் என்பது பொது வழக்கம். சில வண்டிகளில் இவை இரண்டும் இடம் மாறி இருக்கும். வண்டியை அணைக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டீரியோ ஸ்டேஷன்களையும் நேரத்தையும் மறந்துபோனால் காரணம் இதுதான். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நிரந்தர மின்சாரத்தில் கட்டிவிடுவது வேண்டாம். அப்புறம் பேட்டரி கசிகிறது என்று மேலே உள்ள கேள்விக்கு வந்து நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று முக்கியம். இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது எர்த் அல்ல. பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரும் ஸ்டீரியோவின் உள்ளிருந்து தனித்தனியாக இயக்கப்படுகின்றன. ஸ்பீக்கர் மைனஸைச் சேஸில் பட வைத்தாலோ, நான்கு மைனஸையும் ஒன்றாகக் கட்டினாலோ உள்ளே உள்ள ஐசி எரிந்துபோகலாம்.

பெட்டியில் "50 வாட் × 4" என்று போட்டிருக்கிறது. உண்மையா?

தொடர்ந்து தரக்கூடிய அளவு அல்ல. கணக்கு எளிது: 14.4 வோல்ட் உச்சம் என்றால் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து பயன்படும் அளவு) 10.2 வோல்ட், 4 ஓம் ஸ்பீக்கரில் அது 26 வாட். உள் இழப்புகள் போகச் சுத்தமான ஒலியில் 20 வாட் அளவில்தான் கிடைக்கும். ஸ்பீக்கர் வாங்கும்போது அதன் ஆர்.எம்.எஸ். அளவை மட்டும் பாருங்கள். பெரிய எழுத்தில் போட்ட உச்ச அளவுக்கு அர்த்தம் இல்லை.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் இல்லை, அல்லது கரகரக்கிறது.

முதலில் ஸ்டீரியோவில் பேலன்ஸ், ஃபேடர் அமைப்பைப் பாருங்கள். அப்புறம் ஸ்பீக்கரின் கனெக்டரைக் கழற்றி ஓம் அளக்கவும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 ஓம் வரை காட்டும். எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. ஓம் சரியாக இருந்தும் கரகரத்தால், கூம்பை இரு பக்கமும் விரலால் மெல்ல, சமமாக அழுத்திப் பாருங்கள். உரசும் ஓசை கேட்டால் காயில் சாய்ந்திருக்கிறது. அந்த ஸ்பீக்கரை மாற்ற வேண்டியதுதான். கதவைத் திறந்து மூடும்போது சத்தம் வந்து போனால் ஸ்பீக்கரில் பழுது இல்லை. கீல் ரப்பருக்குள் ஒயர் அறுந்திருக்கிறது.

கதவுப் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் புது ஸ்பீக்கரும் நனையும், தரைவிரிப்பும் நனையும்.

எல்லா ஸ்பீக்கரும் பாடுகிறது, ஆனால் பேஸ் இல்லை.

ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுப்பதால் பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஒயர்களை ஸ்டீரியோவிலிருந்து கழற்றி, ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். பேட்டரியின் பிளஸ் எந்த ஒயரில் பட்டால் கூம்பு வெளியே துள்ளுகிறதோ அதுதான் பிளஸ். ட்வீட்டரில் இந்தச் சோதனை பலிக்காது. அதன் வழியில் உள்ள கெபாசிட்டர் தடுத்துவிடும்.

ஆம்புக்கு எந்த ஒயர், எவ்வளவு ஃபியூஸ்?

500 வாட் ஆர்.எம்.எஸ். உள்ள கிளாஸ் டி (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை) ஆம்பை எடுத்துக்கொள்வோம். அதன் திறன் எண்பது சதவீதம் என்று வைத்தால் 625 வாட் இழுக்கும், 13.8-ஆல் வகுத்தால் 45 ஆம்பியர். அதே வாட் உள்ள கிளாஸ் ஏபி ஆம்ப் 60 ஆம்பியருக்கு மேல் கேட்கும். 45 ஆம்பியரை ஐந்து மீட்டர் கொண்டுபோக 16 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் போட்டால் கால் வோல்ட்தான் வீணாகும், அது பரவாயில்லை. அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய மலிவு ஒயர் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். அதைப் போடுவதானால் ஒரு படி தடிமனாகப் போட வேண்டும்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் வைத்த ஃபியூஸ், நடுவே ஓடும் ஐந்து மீட்டர் ஒயரைக் காக்காது. எஞ்சின் அறைத் தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். தகரத்தின் விளிம்பு கத்தி மாதிரி உறையை அறுத்துவிடும்.

எர்த் ஒயர் பிளஸ் ஒயரின் தடிமனிலேயே, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக, பெயின்டைச் சுரண்டிய வெற்றுத் தகரத்தில். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குத் தொடாதீர்கள். அது உயிர் காக்கும் போல்ட்.

எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஸ்பீக்கரில் "ஊய்ய்" என்று சத்தம் ஏறி இறங்குகிறது.

ஆல்டர்நேட்டர் இரைச்சல். வடிகட்டி வாங்க ஓட வேண்டாம், எங்கே நுழைகிறது என்று பிரித்துப் பார்ப்போம்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றி, அவை இல்லாமலே மறுபடி ஆன் செய்யுங்கள். இரைச்சல் இன்னும் இருந்தால் அது ஆம்பின் மின்சார ஒயர் வழியோ எர்த் வழியோ வருகிறது. பாட்டு ஓடும்போது ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்து, 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

ஆர்.சி.ஏ. கழற்றியதும் நின்றுவிட்டால், சார்ஜரில் மாட்டாத ஒரு ஃபோனை நேரே ஆம்பில் இணைத்துப் பாட விடுங்கள். சுத்தமாகக் கேட்டால் ஆம்ப் நல்லது. ஸ்டீரியோவின் எர்த்தோ ஆர்.சி.ஏ. ஒயர் போகும் பாதையோதான் காரணம். மின்சார ஒயர் ஒரு பக்கம், ஆர்.சி.ஏ. மறுபக்கம் என்று பிரித்து ஓட்டுங்கள். இரண்டும் குறுக்கிட்டே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

அதுவும் சரி, இன்னும் போகவில்லை என்றால் ஸ்டீரியோவின் ஆர்.சி.ஏ. முனையின் வெளி வளையத்துக்கும் அதன் உலோக உடம்புக்கும் இடையே ஓம் பாருங்கள். பல ஸ்டீரியோக்களில் அது பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும். தொடர்பே இல்லை என்றால் உள்ளே அந்த எர்த் பாதை எரிந்திருக்கலாம். மின்சாரம் இருக்கும்போதே ஆர்.சி.ஏ. ஒயரைப் பிடுங்கி மாட்டுவதால் இது அடிக்கடி நடக்கிறது. எப்போதும் அணைத்துவிட்டே மாட்டுங்கள்.

ஃபோனைச் சார்ஜில் போட்டு ஆக்ஸ் ஒயரிலும் மாட்டும்போது மட்டும் இரைச்சல் வந்தால், இரண்டு எர்த் பாதைகள் வளையமாகச் சேர்ந்துவிட்டன. புளூடூத்துக்கு மாறினால் போதும். அல்லது ஆக்ஸ் ஒயரின் நடுவே, அந்த வளையத்தைப் பிரிக்கும் ஒரு ஐசொலேட்டர் போடலாம். மலிவான ஐசொலேட்டர்கள் பேஸைக் கொஞ்சம் குறைக்கும்.

ஸ்டீரியோ மாற்றியதிலிருந்து எஃப்.எம். சரியாக எடுக்கவில்லை.

ஆன்டெனாவின் அடியில் சிறு பூஸ்டர் இருக்கும் வண்டிகளில் அதற்கு 12 வோல்ட் வேண்டும். நீல ஒயரை அங்கே இணைக்காமல் விட்டிருப்பீர்கள். அது சரியாக இருந்தும் இரைச்சல் என்றால் டேஷ்கேம், யு.எஸ்.பி. சார்ஜர், எல்.இ.டி. பல்பு இவற்றை ஒவ்வொன்றாக அணைத்துக் கேளுங்கள்.

ஹாரன் அடிக்கவில்லை. ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பார்க்கலாமா?

கழற்றாமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். பொத்தானை அமுக்கும்போது ஹாரன் ரிலேயில் "டிக்" கேட்கிறதா? கேட்டால் ஹாரனிடம் போய் டெஸ்ட் லேம்ப் வையுங்கள்; எரிந்தால் ஹாரனோ அதன் எர்த்தோ பழுது. ரிலே சத்தமே இல்லை, ஸ்டீயரிங்கில் உள்ள ஆடியோ பொத்தான்களும் வேலை செய்யவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால் ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் நாடா ஒயர் அறுந்திருக்கிறது. அந்த வேலையை ஏர்பேக் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ஏர்பேக் கனெக்டர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறம். அவற்றில் மீட்டரைக்கூட வைக்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரத்தையும் அங்கே செலுத்தக் கூடாது. ஸ்டீரியோ வேலைக்காக அருகில் போக வேண்டியிருந்தாலும் பேட்டரி மைனஸைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து ஆரம்பியுங்கள்.

ஒயர்களைச் சேர்க்க சால்டரா, கிரிம்பா?

வண்டியில் கிரிம்ப். சால்டர் ஒயருக்குள் ஊறி ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கும். விறைப்பு முடியும் எல்லையில் அதிர்வில் இழைகள் அறும். சரியான அளவு கிரிம்ப், மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க், பக்கத்தில் ஒரு கட்டு. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வெயிலில் பசை இளகிப் பிரிந்துவிடும்.

பேட்டரி மாற்றிய பின் கண்ணாடி ஒரே அமுக்கில் ஏறவில்லை, ஸ்டீரியோ கோடு (ரகசிய எண்) கேட்கிறது.

பழுது இல்லை, நினைவு அழிந்திருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் கண்ணாடியை முழுதாக ஏற்றி, சுவிட்சைச் சில நொடி பிடித்திருந்தால் மறுபடி கற்றுக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றும் முன்பே ஸ்டீரியோவின் ரகசிய எண்ணைத் தேடி எழுதி வைத்திருக்க வேண்டும்; கையேட்டோடு வந்த அட்டையிலோ ஸ்டீரியோவின் உடம்பிலோ ஒட்டியிருக்கும். சிக்னலில் தானாக அணைந்து எழும் வண்டிகளில் ஏ.ஜி.எம். அல்லது இ.எஃப்.பி. எனும் உறுதியான வகைப் பேட்டரி இருந்தால் அதே வகையைத்தான் போட வேண்டும். சில வண்டிகளில் புது பேட்டரி போட்டதை ஸ்கேனர் வைத்துக் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்காவிட்டால் பழைய பேட்டரிக்குக் கொடுத்த சார்ஜையே புதியதற்கும் கொடுத்துக்கொண்டிருக்கும்.